கோணும் வாய்... நழுவும் டம்ளர்... உடனே கடிகாரத்தைப் பாருங்கள்!

உங்கள் வீட்டில் காலை ஆறு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். காபி கலந்து கொண்டுபோய் மாமனாரிடம் நீட்டுகிறீர்கள். வழக்கம்போல் கையை நீட்டி வாங்குகிறார். ஆனால், பிடி நிற்கவில்லை. டம்ளர் நழுவித் தரையில் உருளுகிறது.

''என்ன மாமா, தூக்கக் கலக்கமா?'' என்று கேட்டுக்கொண்டே துணியை எடுத்துத் துடைக்கிறீர்கள். அவர் ஏதோ பதில் சொல்கிறார். நாக்கு குழறுகிறது. நிமிர்ந்து பார்த்தால், வாயின் ஒரு ஓரம் லேசாக இறங்கியிருக்கிறது.

இப்போது என்ன செய்வீர்கள்?

பெரும்பாலான வீடுகளில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். ''காத்து பட்டிருக்கும்'' என்பார் ஒருவர். ''வாயுப் பிடிப்புதான், ஒரு சோடா வாங்கிக் குடுங்க'' என்பார் இன்னொருவர். ''செத்த நேரம் படுக்கட்டும், எந்திரிச்சா சரியாப் போயிரும்'' என்று வீட்டிலேயே மூத்தவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

என் பெரியப்பா நத்தத்தில் புளி வியாபாரம் செய்தவர். 2013-ம் வருடம், மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. புளி சீசன். மூட்டைகள் வந்து இறங்கும் நேரம் என்பதால் விடியற்காலையிலேயே எழுந்தார். வேட்டியைக் கட்ட முயன்றிருக்கிறார். வலது கை ஒத்துழைக்கவில்லை. இரண்டு தடவை அவிழ்ந்து விழ, பெரியம்மாதான் கட்டிவிட்டிருக்கிறாள். 'வயசாயிருச்சு' என்று நினைத்துக்கொண்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

ஏழு மணிக்குப் பேச்சு குழறியது. சோடா வந்தது. பாதி சட்டையில் வழிந்தது, மீதி புரையேறியது. வாதத்துக்கு எண்ணெய் போட்டுத் தேய்க்கிற ஒருவரைக் கூட்டிவர ஆள் போனது. புறா ரத்தம் தடவினால் சட்டென்று கேட்கும் என்றார் ஒரு சொந்தக்காரர். அதற்காகப் புறா தேடிக்கொண்டு ஒருவர் சைக்கிளில் போனதை நினைத்தால், இப்போதும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கார் பிடித்துக் கிளம்பும்போது மணி பத்தரை. முதலில் போன மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவர் வரவில்லை, உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தோம். அப்புறம் அங்கிருந்து வேறு இடம். கடைசியில் ஒரு டாக்டர் முன்னால் அவரைப் படுக்க வைத்தபோது மதியம் ஒன்றரை.

அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி வியாதியைப் பற்றி இல்லை.

''கடைசியா இவர் நல்லா இருந்ததை நீங்க எப்போ பார்த்தீங்க?''

''விடியக் காலம்'' என்றாள் பெரியம்மா. ''ராத்திரி சாப்பிட்டப்ப நல்லாத்தான் இருந்தாரு'' என்றான் அண்ணன். நான் ஏழு மணி என்றேன். வேட்டி சமாசாரம் அப்போதுதான் பெரியம்மாவுக்கு ஞாபகம் வந்தது. டாக்டர் எங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. ''ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கும்மா. ஆனா, அதுக்கான நேரம் தாண்டிருச்சு'' என்றார்.

புறாவைத் தேடிய நேரத்தில் மதுரைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்!

நாலரை மணி நேரக் கணக்கு

'பக்கவாதம்' என்று நாம் சொல்வதும், 'கை கால் விளங்காமப் போச்சு' என்று ஊரில் சொல்வதும் கையிலோ காலிலோ வருகிற வியாதி அல்ல. அது மூளையில் வருவது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று அடைத்துக்கொள்கிறது, அல்லது வெடித்துக் கசிகிறது. அடைப்புதான் அதிகம், ஐந்தில் நாலு பேருக்கு அதுவாகவே இருக்கும். ரத்தம் போகாத இடத்தில் மூளை செல்கள் வாடத் தொடங்குகின்றன. பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பு செல்கள் மடிகின்றன என்று 2006-ல் அமெரிக்க நரம்பியல் நிபுணர் ஜெஃப்ரி சேவர் கணக்குப் போட்டுக் காட்டினார். சோடா வாங்கக் கடைக்குப் போய் வருகிற பத்து நிமிடத்துக்கு எத்தனை ஆகிறது என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்து பலன் தருகிறது என்பது 1995-ல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் தெரிந்தது. அப்போது மூன்று மணி நேரத்துக்குள் போடவேண்டும் என்றார்கள். 2008-ல் வந்த ஐரோப்பிய ஆய்வுக்குப் பிறகு அது நாலரை மணி நேரம் ஆனது. பெரிய குழாயில் அடைப்பு என்றால், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுத்துவிடும் சிகிச்சையும் இருக்கிறது. தகுந்த நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்கிறார்கள். அதனால், 'நேரம் போயிருச்சே' என்று யாரும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். ஆனாலும், சீக்கிரம் போனவருக்குத்தான் அதிக லாபம்.

இந்த நாலரை மணி, நீங்கள் கவனித்த நேரத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை. அவர் நன்றாக இருந்ததைக் கடைசியாக யாராவது பார்த்த நேரத்திலிருந்து ஆரம்பிக்கிறது! ராத்திரி பத்து மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தவர், காலை ஆறு மணிக்குக் கை விளங்காமல் எழுந்தால், டாக்டர் பத்து மணியிலிருந்துதான் கணக்குப் போடுவார். நடுராத்திரி அவர் எழுந்து தண்ணீர் குடித்ததை நீங்கள் பார்த்திருந்தால், அந்தத் தகவல் தங்கம். அதனால்தான் சொல்கிறேன்: சோடாவைத் தேடாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். பார்த்ததை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள். பதற்றத்தில் மறந்துபோகும், எங்களுக்கு மறந்த மாதிரி.

முகம், கை, பேச்சு

கண்டுபிடிக்க டாக்டராக இருக்கவேண்டியதில்லை. பத்து வயதுப் பேரனே போதும். 'தாத்தா, கொஞ்சம் சிரிங்க' என்று சொல்லவேண்டும். வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறதா? 'ரெண்டு கையையும் முன்னால தூக்குங்க' என்று சொல்லவேண்டும். ஒரு கை மட்டும் தானாகக் கீழே இறங்குகிறதா? 'இன்னிக்கு என்ன கிழமை, முழுசாச் சொல்லுங்க' என்று கேட்கவேண்டும். குழறுகிறதா, சம்பந்தமில்லாமல் பேசுகிறாரா? மூன்றில் ஒன்று இருந்தாலும் சரி, அடுத்தது நேரம் பார்த்து 108-க்குப் போன்.

முகம், கை, பேச்சு, நேரம். இந்த நாலு வார்த்தைதான்.

இவற்றில் சேராத சில அறிகுறிகளும் உண்டு. திடீரென்று ஒரு கண்ணிலோ, இரண்டு கண்ணிலுமோ பார்வை போவது, நின்ற இடத்திலேயே தலை சுற்றித் தடுமாறுவது, வாழ்நாளில் வந்திராத கடுமையான தலைவலி மின்னல் போல் வருவது. எல்லாவற்றிலும் கவனிக்கவேண்டிய சொல், 'திடீரென்று' என்பது.

இன்னொன்று, ரொம்ப மோசமானது. வந்த மாதிரியே போய்விடும்! கால் மணி நேரம் கை மரத்தது, பேச்சு குழறியது, அப்புறம் எல்லாம் சரி. 'அம்மன் புண்ணியம், சரியாப் போச்சு' என்று தேங்காய் உடைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். தாராளமாகத் தேங்காய் உடையுங்கள், ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் போங்கள். அப்படி வந்துபோனவர்களுக்கு நிஜமான பக்கவாதம் வரும் அபாயம் அடுத்த இரண்டு நாட்களில்தான் அதிகம்.

செய்யக்கூடாதவற்றில் முதலாவது, வாயில் எதையும் ஊற்றுவது. விழுங்கும் சக்தி குறைந்திருக்கும். நாம் ஆசையாகக் கொடுக்கும் காபி நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகிவிடும். இரண்டாவது, வீட்டில் இருக்கும் ஆஸ்பிரின் மாத்திரை. நெஞ்சுவலிக்கு உடனே மாத்திரை கொடுக்கவேண்டும் என்று இப்போது பலருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருகிறவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரை தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால், அது இதயத்துக்கு. பக்கவாதத்தில் அடைப்பா, கசிவா என்பது வெளியிலிருந்து பார்த்தால் எப்பேர்ப்பட்ட டாக்டருக்கும் தெரியாது. சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருக்கும்போது ஆஸ்பிரின் போட்டால், எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றின கதைதான். மூன்றாவது, வீட்டில் இருக்கிற பி.பி. மாத்திரையை இரண்டாகக் கொடுத்து அழுத்தத்தைச் சடாரென்று இறக்குவது. அதையும் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள்.

நத்தத்தில் இருப்பவருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. எந்தப் பக்கம் போவது? இங்கிருந்து திண்டுக்கல்லும் மதுரையும் ஒவ்வொன்றும் சுமார் 40 கிலோமீட்டர். திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து போகிற தூரத்தில், ராத்திரி இரண்டு மணிக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்து, அந்த ஊசியையும் போடுகிற இடம் எது? இதை வியாதி வந்த பிறகு விசாரிக்க முடியாது. நல்லா இருக்கும்போதே ஒருநாள் நேரில் போய்க் கேட்டு வையுங்கள். 108-க்குப் பேசும்போது, 'ஆள் மயக்கம்' என்று பொதுவாகச் சொல்லாமல், 'பக்கவாதம்னு சந்தேகம், இத்தனை மணிக்கு ஆரம்பிச்சது' என்று சொல்லுங்கள். போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தெருவே வைத்தியம் பார்த்த கதை

ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தோம். பதினோராம் நாள் பெரியப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். வலது கை, கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சு வரவில்லை. வரவில்லை என்றால், ஒரே ஒரு வார்த்தை மட்டும் வந்தது: 'மூட்டை'. தண்ணீர் வேண்டுமென்றால் மூட்டை. பெரியம்மாவைக் கூப்பிடவும் மூட்டை. அவர் சொல்ல நினைப்பது ஒன்று, வாயில் வருவது ஒன்று. அது அவருக்கே தெரியும். தெரிந்து கண்ணில் தண்ணீர் விடுவார்.

முதல் வாரம் வீடு நிறையக் கூட்டம். ஹார்லிக்ஸ் பாட்டில்கள் அலமாரி கொள்ளவில்லை. இரண்டாம் வாரம் பாதி. இரண்டாம் மாதம் யாருமே இல்லை. வந்தவர்களும் அவர் முன்னாலேயே, ''எப்படி இருந்த மனுஷன்!'' என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பேச்சு போனால் புத்தியும் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறோம். அவருக்கு எல்லாமே காதில் விழுந்தது, எல்லாமே புரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு புத்தகத்தில் பாட்ரீஷியா நீல் கதையைப் படித்தேன். ஹாலிவுட் நடிகை. 'ஹட்' படத்துக்கு ஆஸ்கார் வாங்கியவர். 1965 பிப்ரவரியில், 39 வயதில், வயிற்றில் குழந்தையோடு இருந்தபோது மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. மூன்று வாரம் நினைவில்லை. எழுந்தபோது வலது பக்கம் விளங்கவில்லை, பேச்சும் இல்லை. கணவர் ரோல்ட் டால், குழந்தைகள் கதை எழுதிப் புகழ் பெற்றவர். மனைவியை இங்கிலாந்தில் கிரேட் மிஸ்ஸெண்டன் என்ற தங்கள் கிராமத்துக்கு அழைத்து வந்தார். ஆஸ்பத்திரியில் கிடைத்த பயிற்சி போதவில்லை என்று தோன்றியது. என்ன செய்தார் தெரியுமா? அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டார். முறை வைத்து, ஒருவர் மாற்றி ஒருவர் தினமும் வந்து அவரோடு உட்காரவேண்டும். படம் காட்டிப் பெயர் கேட்கவேண்டும், சீட்டு விளையாடவேண்டும், கணக்குப் போட வைக்கவேண்டும். வந்தவர்கள் யாரும் டாக்டர்களில்லை, வெறும் அண்டை வீட்டுக்காரர்கள்.

அவர்களில் ஒருவர் வேலரி ஈட்டன் கிரிஃபித் என்ற பெண்மணி. உடம்பு சரியில்லாமல் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தவர். அவர் விடாமல் வந்து, பாட்ரீஷியாவை 1967-ல் நியூயார்க்கில் ஒரு பெரிய விருந்தில் மேடையேறிப் பேச வைத்தார். 1968-ல் பாட்ரீஷியா மறுபடியும் சினிமாவில் நடித்தார், மறுபடியும் ஆஸ்கார் பட்டியலில் பெயர் வந்தது! அந்தக் குழந்தையும் 1965 ஆகஸ்ட்டில் நல்லபடியாகப் பிறந்துவிட்டது. வேலரி தன் அனுபவத்தை 1970-ல் புத்தகமாக எழுதினார். 1973-ல் இங்கிலாந்தில் தொடங்கிய 'பக்கவாதத் தொண்டர் திட்டம்' அவருடைய முயற்சிதான். வியாதியஸ்தர் வீட்டுக்குப் போய்ப் பேச்சுத் துணையாக இருப்பதுதான் அதன் வேலையே.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். கணவர் கொஞ்சம் கண்டிப்பானவர்; கேட்கும் பொருளின் பெயரைச் சரியாகச் சொன்னால்தான் கையில் கொடுப்பாராம். அந்த முறையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். தண்ணீர் கேட்பவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அப்புறம் பாடம் நடத்தலாம்.

இங்கிலாந்துக் கிராமத்தில் முடிந்தது நத்தத்தில் முடியாதா? எங்கள் தெருவில் நாலு பேர் கிடைத்தார்கள். ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர், சட்டை தைத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர், கல்லூரிக்குப் போகும் பையன் ஒருவன், எதிர்வீட்டு ஏழாம் வகுப்புப் பொடியன் ஒருவன். ஆளுக்கு வாரத்தில் ஒன்றரை மணி நேரம். அவ்வளவுதான் கேட்டோம். அதற்கு மேல் கேட்டிருந்தால் ஒரு மாதத்தில் ஓடியிருப்பார்கள்!

வாத்தியார் பேப்பர் படித்துக் காட்டுவார், தலைப்பில் பாதியைச் சொல்லி நிறுத்துவார். தையல்கார அக்கா பழைய எம்.ஜி.ஆர். பாட்டுகளைப் பாடுவார். ஆச்சரியம் என்னவென்றால், ஒரு வார்த்தை பேச வராத பெரியப்பா பாட்டில் கூடச் சேர்ந்துகொண்டார், வார்த்தையோடு! இது அதிசயமில்லை. பேச்சுக்கு மூளையின் இடது பக்கம் முக்கியம், பாட்டுக்கு வலது பக்கமும் கைகொடுக்கிறது. ராகம் போட்டுப் பேச்சைத் திருப்பிக் கொண்டுவரும் சிகிச்சை முறையை 1973-லேயே அமெரிக்காவில் பாஸ்டன் டாக்டர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

எம்.ஜி.ஆர். என்றதும் ஞாபகம் வருகிறது. 1973-ல் திண்டுக்கல் இடைத்தேர்தலில்தான் அவர் கட்சி முதல் வெற்றியைப் பார்த்தது என்பதால், இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அவர் மேல் தனிப் பாசம். 1984 அக்டோபரில் சென்னையில் மருத்துவமனையில் இருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. அமெரிக்காவில் புரூக்ளினில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தபோதே ஆண்டிபட்டியில் ஜெயித்து, 1985 பிப்ரவரியில் ஊர் திரும்பினார். அதன் பிறகு பேச்சு பழையபடி வரவேயில்லை. ஆனாலும் மேடைக்கு வந்தார், முதலமைச்சராக இருந்தார். அவர் குழறிப் பேசினாலும் கூட்டம் காத்திருந்து கேட்டது. வாத்தியார் இதைச் சொன்ன நாளில்தான் பெரியப்பா முதல்முறையாக வாசல் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். அதுவரை யாரும் பார்த்துவிடுவார்களே என்று உள்ளேயே கிடந்தவர்.

பையன் உடற்பயிற்சிக்கு. முதலில் பிஸியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொண்டு வரச் சொன்னோம். இதில் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். அன்பாகத் தூக்கிவிடுகிறேன் என்று விழுந்துபோன கையைப் பிடித்து இழுப்பார்கள். தோள் மூட்டு இறங்கிவிடும். அப்புறம் அந்த வலியிலேயே மனிதர் பயிற்சி வேண்டாம் என்று விடுவார். தூக்கும்போது இடுப்பையும் முதுகையும்தான் தாங்கவேண்டும். படுத்தே இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கவேண்டும், இல்லையென்றால் புண் வந்துவிடும். சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, சின்னச் சின்னக் கவளமாக, டி.வி.யை அணைத்துவிட்டுக் கொடுக்கவேண்டும்.

விரல்களுக்கு நத்தத்துக்காரர்களிடம் இல்லாத வைத்தியமா? புளியங்கொட்டை! ஒரு தட்டில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொல்வோம். அப்புறம் பல்லாங்குழி. பொடியன்தான் பார்ட்னர்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அன்பு மட்டும் போதாது. நம் நாட்டிலேயே 14 மருத்துவமனைகளில், 1,250 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே பயிற்சி செய்ய வைத்தால் நோயாளி சீக்கிரம் தேறுவாரா என்று பார்த்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சையைவிட அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை. அதனால், தெருவில் நாலு பேர் வருகிறார்கள் என்று பிஸியோதெரபிஸ்ட்டை நிறுத்திவிடாதீர்கள். தொண்டர் வருவது, சிகிச்சைக்குப் போகிற ஆசை வியாதியஸ்தருக்குக் குறையாமல் இருக்க. பெரியம்மா ஒன்றரை மணி நேரம் கண்ணயர்ந்து தூங்க. அந்தத் தூக்கத்துக்கு எந்த ஆய்வும் தேவையில்லை.

மனசையும் பாருங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சாப்பாடு வேண்டாம், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வது, எதற்கெடுத்தாலும் அழுகை. 'திமிர், எல்லாம் பெரியவர் பிடிவாதம்' என்று விடாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை இருக்கிறது, கேட்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது

பெரியப்பா காலத்தில் இல்லாத ஒரு வசதி இப்போது இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பி.பி., ஷுகர் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே பிஸியோதெரபிஸ்ட் வருவதும் அதில் சேர்த்தி. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. உங்கள் தெருவில் படுத்திருப்பவரின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு ஆளில்லாமல்தான் பல பெயர் விடுபட்டுப் போகிறது. அடையாள அட்டையும் அப்படியே. கை கால் விளங்காதவர்களுக்கு மட்டுமல்ல, பக்கவாதத்தால் பேச்சு போனவர்களுக்கும் 2016-ம் ஆண்டுச் சட்டத்தில் மாற்றுத்திறனாளி என்று இடம் இருக்கிறது. அந்தப் படிவத்தை நிரப்பி, கூடவே அலைந்து கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாமே?

அப்புறம் பி.பி. மாத்திரை. பக்கவாதத்துக்குக் காரணமாக இருப்பவற்றில் தலையாயது ரத்த அழுத்தம்தான். ''பார்த்தேன், நார்மல்னு வந்துச்சு, நிறுத்திட்டேன்'' என்று சொல்லாத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. மாத்திரை சாப்பிட்டதால்தானய்யா நார்மல்! ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு மறுபடி வராமல் தடுப்பதும் பெரும்பாலும் அந்த மாத்திரைகள்தான். போய் உட்கார்ந்து பேசுகிற தொண்டர், கிளம்பும்போது மாத்திரை அட்டையை ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

அறிகுறிகளை ஊருக்குச் சொல்வதற்கு மைக் வைத்துக் கூட்டம் போடவேண்டாம். அதில் ஆட்கள் வடைக்குத்தான் வருவார்கள். புளி மண்டியில், தையல் கூடத்தில், மகளிர் குழுக் கூட்டம் முடிந்து கலையும் நேரத்தில், ஐந்து நிமிடம். எல்லாரையும் சிரிக்கச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லிக் காட்டினால் மறக்காது. மாசித் திருவிழாவில் எண்ணெய் தடவிய கழுமரத்தில் ஏறுகிற இளவட்டங்களிடம் சொல்லி வைத்தால், அவசரத்தில் நாலு பேர் தூக்க வருவார்கள். குழந்தைகளை மறக்காதீர்கள். கிரீஸ் நாட்டில் ஆரம்பித்துப் பல நாடுகளுக்குப் பரவிய ஒரு பள்ளித் திட்டத்தில், சின்னப் பிள்ளைகளுக்கு இந்த அறிகுறிகளைக் கதையாகச் சொல்லிக் கொடுத்து, அவர்கள் மூலமாகத் தாத்தா பாட்டிக்குப் போய்ச் சேர வைக்கிறார்கள். பாட்டி டாக்டர் சொன்னால் கேட்கமாட்டாள். பேத்தி சொன்னால் கேட்பாள். உலகப் பக்கவாத தினம் அக்டோபர் 29. பள்ளியில் ஒரு பீரியடு கேட்டு வாங்க அது நல்ல சாக்கு.

பெரியப்பா அதன்பின் எட்டு வருடம் இருந்தார். கோலை ஊன்றி நடந்தார். வலது கை கடைசிவரை முழுசாகத் திரும்பவில்லை. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, அதுவும் எப்படி வந்தது தெரியுமா?

ஆறாவது மாதம். திண்ணையில் பல்லாங்குழி நடக்கிறது. பொடியன் தோற்கிற நிலைமை. பெரியப்பா வெற்றிலைப் பெட்டிப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, அவர் குழியிலிருந்து இரண்டு புளியங்கொட்டையை எடுத்துத் தன் குழியில் போட்டுக்கொண்டான்.

''டேய்... திருட்டுப் பயலே!''

அடுப்படியிலிருந்து பெரியம்மா கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.